பூனை டிரைவர் பார்த்த இரண்டு காய்ச்சல்கள்

என் மாமனார் டவுன் பஸ் ஓட்டியவர். டிப்போவில் அவருக்குப் பூனை என்று பெயர். வண்டி எப்போது நின்றது, எப்போது கிளம்பியது என்றே தெரியாது, நின்றுகொண்டே தூங்குகிறவன்கூட முழிக்க மாட்டான் என்று அவருடைய பழைய கண்டக்டர் ஒருவர் எங்கள் கல்யாணத்தில் சொல்லிச் சிரித்தார். ஹாரன் அடிப்பது மாமாவுக்கு ஆகாது. வீட்டிலும் அப்படித்தான். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் அந்த வீட்டுக்கு வந்தபோது மாமியார் இல்லை. இரண்டு வருஷம் முன்பே போய்விட்டார். என் கணவருக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை. ஏறினால் மாதக்கணக்கில் கடல்தான். ஆக, மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு பால்கனி, அதில் நானும் மாமாவும். எங்களுக்குள் சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது. நான் இருக்கும் பக்கம் வர வேண்டுமென்றால் முதலில் தொண்டையைச் செருமுவார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நகர்ந்து நிற்பேன். "சாப்பிட்டியாம்மா?" என்பார். "ஆச்சு மாமா" என்பேன். ஒரு நாளைக்கு அவ்வளவுதான் எங்கள் உரையாடல்.

முதல் டிரிப் எடுத்த பழக்கம், விடியும் முன்பே எழுந்துவிடுவார். நான் எழுந்து வருவதற்குள் வெந்நீர் போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றி என் அறை வாசலில் வைத்திருப்பார். யாருக்கு, எதற்கு என்று ஒரு வார்த்தை வராது. நானும் கேட்டதில்லை. எடுத்துக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர் நான்.

கொரோனாவுக்குப் பத்துப் பதினோரு வருஷம் முன்னால் ஒரு காய்ச்சல் உலகத்தையே சுற்றி வந்ததே, பன்றிக் காய்ச்சல் என்று பேப்பரில் போட்டார்களே, அந்தச் சமயத்தில்தான் நான் உண்டாகியிருந்தேன். ஏழாவது மாதம். என் வகுப்பில் முதலில் ஒரு பெஞ்சு காலியானது. பிறகு அதற்குப் பின் பெஞ்சு. ஒரு குட்டி, மூக்கை என் புடவையிலேயே துடைத்துவிட்டு, "டீச்சர், எனக்கு ஜுரம் இல்ல, எங்க அம்மாதான் இருக்குன்னு சொல்றாங்க" என்றது. பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தபோது எனக்கு மேலெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு முகத்தைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். மாத்திரை எழுதினார். "வீட்ல தனி ரூம்ல இருங்க. கதவு சாத்தியே இருக்கட்டும். மூச்சு வாங்கினா, பேச முடியலன்னா, ஒரு நிமிஷம்கூட யோசிக்காம வந்துடணும். யாரு பாத்துப்பாங்க?"

நான் யோசித்தேன். அம்மா இருப்பது வேறு ஊர். அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். அவரை விட்டு அம்மா அசைய முடியாது. கணவர் நடுக்கடலில்.

பின்னால் செருமல் கேட்டது. அந்த நாளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் செருமினால் என்ன ஆகும்? உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரு பெஞ்சு தள்ளிப் போனார்கள்.

"நான் இருக்கேன்" என்றார் மாமா.

"உங்களுக்கு என்ன வயசு?"

"எழுபத்தொண்ணு."

டாக்டர் அவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "இந்தத் தடவை ஒரு அதிசயம். வயசானவங்களை இது அவ்வளவா தொடல. வாலிபப் பசங்களும் வயித்துப் பிள்ளைக்காரிங்களும்தான் மாட்டுறாங்க. அதுக்காக அசட்டையா இருந்துடாதீங்க. மாஸ்க்கைக் கழட்டாதீங்க, கையைக் கழுவிக்கிட்டே இருங்க."

வீட்டுக்கு வந்ததும் எனக்குக் காய்ச்சலை விட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. மாமனார் கஞ்சி வைத்து மருமகள் குடிப்பதா? நான் வாந்தி எடுத்த பேசினை அவர் எடுப்பதா? "வேண்டாம் மாமா, நானே பாத்துக்கறேன்" என்று எழுந்தேன். சுவர் சுற்றியது. அவர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு என் முழங்கையைப் பிடித்துப் படுக்கையில் உட்கார வைத்தார். பேசினை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனார். குழாயில் அவர் அதைக் கழுவும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வெட்கப்பட ஒன்றும் மிச்சமில்லை.

அவருக்கு ஒரே ஓர் அக்கா. என் கணவருக்கு அத்தை, அதனால் எனக்கும் அத்தை. வேறு ஊரில் மகன் வீட்டில் இருந்தார். காது மந்தம். தனக்குக் கேட்காதது உலகத்துக்கும் கேட்காது என்ற நினைப்பில் போனில் கத்துவார். மாமா போனைக் காதில் வைத்தால் காது போய்விடும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிடுவார். அதனால் அவர்கள் பேசுவது சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்கும். வேறு யாரிடமும் வாய் திறக்காத மனிதர் அக்காவிடம் மட்டும் பேசுவார்.

"என்னடா தம்பி, ஊரெல்லாம் வாயைக் கட்டிக்கிட்டுத் திரியுதாமே?"

"ஆமாக்கா. மாஸ்க்."

"ஐம்பத்தேழுல வந்துச்சே, அந்தக் காய்ச்சலுக்கு யாரு வாயைக் கட்டினா? சினிமாக் கொட்டகையைக்கூட மூடல. உங்க அத்தான் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சலோட போய் ஒரு ஆட்டம் பாத்துட்டு வந்தாரு."

"வரும்போது கொட்டகையில பாதிப் பேருக்குக் குடுத்துட்டு வந்திருப்பாரு."

"அவரு கையால யாருக்காவது ஏதாவது குடுத்தாருன்னா அது ஒண்ணுதான்டா."

எனக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமலில் விலா வலித்தது.

அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அந்த ஐம்பத்தேழாம் வருஷத்துக் காய்ச்சல் எனக்குத் தெரிய வந்தது. அம்மா இல்லாத பிள்ளைகள் இரண்டு பேரும். அக்கா கல்யாணமாகிப் போன வீட்டிலேயே தம்பியும் ஒட்டிக்கொண்டார். மாமாவுக்கு அப்போது பத்தொன்பது வயது, லாரி கிளீனர். காய்ச்சல் ஒரு தெருவில் நுழைந்தால் அந்தத் தெரு முழுக்கப் படுத்ததாம். மாத்திரை ஏது, பரிசோதனை ஏது? கம்பவுண்டர் சிவப்புத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பார். இன்றைக்கு எங்கே எத்தனை பேர் என்று டிவியில் ஓடுகிறதே, அதெல்லாம் கிடையாது. பக்கத்து வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால்தான் சேதி. மாமாவுக்கு முதலில் வந்தது. அக்கா அவர் தலைமாட்டிலேயே கிடந்து ஈரத்துணி போட்டு எழுப்பி உட்கார வைத்தார். டிரைவர்கள் பாதிப் பேர் படுத்துவிட்டதால், கால் நடுக்கம் நிற்பதற்குள் மாமாவை லாரியில் ஏற்றி வெளியூர் அனுப்பிவிட்டார்கள். இவ்வளவும் அவர்கள் இரண்டு பேரும் பல தடவை பேசிச் சிரித்த கதைகள் என்று குரலிலேயே தெரிந்தது.

ஒரு நாள் மத்தியானம் பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

"மருமக எப்படி இருக்கா?"

"காய்ச்சல் விட மாட்டேங்குது. ரூம்ல இருக்கா. டாக்டர் சொன்ன மாதிரி கதவைச் சாத்தி வெச்சிருக்கேன்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று மாமா, "அக்கா? அக்கா?" என்றார்.

"இருக்கேன்டா." அத்தையின் குரல் முதல் தடவையாகத் தணிந்திருந்தது. "நீ லாரியில போன பிறகு எனக்கும் வந்துச்சு, தெரியுமில்ல?"

"தெரியும்."

"வயித்துல முதல் பிள்ளை. உங்க அத்தான் பயந்துட்டாரு. கதவைச் சாத்திட்டாரு. தட்டை வாசல்ல வெச்சுட்டு, ஒரு தட்டு தட்டிட்டுப் போயிடுவாரு. அவரைக் குத்தம் சொல்லலடா, பயம் யாரை விட்டுது? ஆனா அந்தப் பிள்ளை போனப்போ நான் தனியாத்தான் இருந்தேன். யாரையும் கூப்பிடக்கூடத் தோணல. சுவத்தையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தேன். யாராவது சும்மா வந்து அந்த வாசல்படியில உக்காந்தாப் போதும்னு இருந்துச்சு. ஒண்ணும் செய்ய வேண்டாம். உக்காந்தாப் போதும்."

மாமா, "நான் திரும்பி வந்தப்போ நீ ஒண்ணுமே சொல்லலையேக்கா" என்றார்.

"நீ பசிக்குதுன்னு வந்து நின்ன. சோறு போட்டேன்."

போன் வைத்த பிறகு மாமா பால்கனிக்குப் போனார். திரும்பி வந்தார். டாக்டருக்கு நம்பர் போடுவது கேட்டது. "அம்மா, கதவைத் திறந்து வெச்சா ரொம்பத் தப்பாகுமா? உள்ள போக மாட்டேன். வாசல்ல உக்காந்துக்கறேன்." டாக்டரம்மா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கதவு திறந்தது. மாஸ்க்கோடு மாமா நின்றார்.

"ஜன்னலையும் திறந்து வெச்சுடணுமாம். காத்து ஓடணுமாம்" என்றார். உள்ளே எட்டி வந்து ஜன்னல் கொக்கியைத் தட்டித் திறந்துவிட்டு, வெளியே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து நிலைக்கு அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவருக்கும்தான்.

"தூக்கம் வரலையா?"

"வரல மாமா. கண்ணை மூடினா உடம்பெல்லாம் வலிக்குது."

"எனக்குக் கதை எதுவும் தெரியாதும்மா. ரூட்டு தெரியும்."

"என்ன ரூட்டு?"

"பதினொண்ணாம் நம்பர். ரொம்ப வருஷம் ஓட்டினேன்." மாமா தொடங்கிவிட்டார். "டிப்போவை விட்டு வெளிய வந்தா முதல்ல தபாலாபீஸ். அங்க ஒரு வேப்பமரம், கிளை தாழ்ந்திருக்கும், கண்ணாடியில உரசாம ஒடிச்சுத் திருப்பணும். அடுத்தது மரக்கடை. ரம்பத்தூள் ரோடெல்லாம் பறக்கும். அங்க ஒரு அம்மா தினமும் ஒரு வெள்ளைக் கோழியைக் கூடையில வெச்சு ஏத்திக்கிட்டு வரும். விக்கத்தான் கொண்டு போகுது. சாயங்காலம் அதே கோழியோட திரும்பி வரும். கண்டக்டர் கேட்டான், 'ஏம்மா, விலை படியலையா?' 'மனசு படியலப்பா'ன்னுச்சு..."

ஐஸ் ஃபேக்டரி ஸ்டாப் வருவதற்குள் நான் தூங்கிவிட்டேன். மறுநாளும் அப்படித்தான். அந்த ரூட்டில் ஐஸ் ஃபேக்டரியைத் தாண்டி என்ன இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாமலே போனது. முழித்துப் பார்க்கும்போதெல்லாம் அவர் அங்கே இருப்பார். சில சமயம் தலை சாய்ந்து குறட்டை. மாஸ்க் மேலும் கீழும் போய்வரும். அதைப் பார்த்துக்கொண்டே மறுபடி தூங்குவேன். வயிற்றில் பிள்ளை உதைக்கும். "மாமா, உதைக்குது" என்று ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் காது சிவந்துவிட்டது. "நல்லது நல்லது" என்று எழுந்துபோய் அடுப்பில் ஒன்றும் இல்லாத பாத்திரத்தைக் கிண்டினார்.

காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நினைத்த நாளில்தான் மோசமானது. சாயங்காலம். மாமா ரூட்டில் எங்கோ ஒரு வளைவில் இருந்தார். நான் இடையில் ஏதோ கேட்டேன்.

"அந்த... கண்டக்டர்..." அதற்கு மேல் மூச்சு வரவில்லை.

மாமா நிறுத்தினார். "இன்னொரு தடவை சொல்லும்மா."

"கண்டக்... டர்..."

எழுந்துவிட்டார். டாக்டருக்குப் போன். உடனே கொண்டு வாருங்கள் என்றார். ஆம்புலன்ஸுக்குப் போன். எல்லா வண்டியும் வெளியே போயிருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். மாமா காத்திருக்கவில்லை. படியிறங்கி இரண்டாவது மாடி போட்டோக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார். அவரிடம் ஒரு சின்னக் கார் உண்டு. போட்டோக்காரருக்கு இரண்டு குழந்தைகள். பாதி திறந்த கதவு வழியாக விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டதாம். கதவைச் சாத்திவிட்டார். அவ்வளவுதான் என்று மாமா வண்டி பிடிக்கத் தெருவுக்கு இறங்கியபோது மேலே அவர் பால்கனியிலிருந்து குரல் வந்தது. "பெரியவரே! சாவியைக் கீழ போடறேன். கிளட்ச் கொஞ்சம் மக்கர் பண்ணும்!"

ஓய்வு பெற்ற பிறகு மாமா ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. கண் ஆபரேஷன் ஆனதும் மகன் வேறு கண்டிப்பாகத் தடுத்திருந்தார். என்னைத் தாங்கிப் பிடித்து, ஒவ்வொரு படியாக மூன்று மாடியும் இறக்கினார். பின் சீட்டில் தலையணை வைத்துச் சாய்த்தார். நாலு ஜன்னலையும் இறக்கினார். உட்கார்ந்தார். கண்ணாடியைத் திருப்பினார், சாலையைப் பார்க்க அல்ல, என் முகம் தெரிவதற்கு.

எத்தனையோ வண்டியில் போயிருக்கிறேன். அப்படி ஒரு சவாரியை நான் கண்டதில்லை. மக்கர் பண்ணும் கிளட்ச் என்ன ஆனதென்றே தெரியவில்லை. பள்ளம் என்று ஒன்று அந்தச் சாலையில் இருந்ததாகவே தெரியவில்லை. வேகமாகத்தான் போனார், கடைகளின் விளக்குகள் கோடாக ஓடியதைப் பார்த்தேன். ஆனால் தொட்டிலில் போட்டு யாரோ நகர்த்துகிற மாதிரி இருந்தது. கண்ணாடியில் அவருடைய கண்கள் மட்டும் தெரிந்தன. "வந்துட்டோம்மா. இதோ. வந்துட்டோம்." ஒரே ஒரு இடத்தில், குறுக்கே நின்ற வண்டிக்கு, விடாமல் ஹாரன் அடித்தார். மாமா ஹாரன் அடித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆஸ்பத்திரியில் என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தனி வார்டுக்குக் கொண்டுபோனார்கள். அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். தலையிலிருந்து கால்வரை மூடிய உருவங்கள் வந்து வந்து போயின. நர்ஸ் யார், டாக்டர் யார் என்று கண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நர்ஸ் என் வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அழுதேன். அழவும் மூச்சு போதவில்லை.

காலையில் கண் திறந்தபோது எதிரே கண்ணாடி ஜன்னல். அது தரைத்தளம். ஜன்னலுக்கு வெளியே செடிப் பாத்திக்கு நடுவில் மாமா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு காவலாளி கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசினார். அங்கே என்ன பேச்சு நடந்தது என்று பிறகு அந்த நர்ஸ்தான் எனக்குச் சொன்னாள்.

"பெரியவரே, இங்கெல்லாம் நிக்கக் கூடாது. வீட்டுக்குப் போங்க."

"அந்தப் பொண்ணு கண்ணு முழிச்சா ஒரு முகம் தெரியணும்ப்பா."

"உங்க பொண்ணா?"

"மருமக."

காவலாளி தன் ஸ்டூலைக் கொண்டுவந்து பாத்தி ஓரத்தில் போட்டு, "செடியை மட்டும் மிதிச்சுடாதீங்க. தோட்டக்காரன் என்னைக் கொன்னுடுவான்" என்றாராம்.

நான் அந்த வார்டில் இருந்தவரை அந்த ஸ்டூல் காலியாக இருந்து நான் பார்த்தது குறைவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகையில் கேட்பார்: சாப்பிட்டியா? நான் தலையை ஆட்டுவேன். பிறகு இரண்டு கையையும் ஸ்டீயரிங் மாதிரி வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பிக் காட்டுவார். தூங்கு என்று அர்த்தம்.

நான் தேறினேன். பக்கத்துக் கட்டிலில் என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் தேறவில்லை. அவள் அம்மாவும் அதே ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பவர். அவளுடைய கடைசி நாளில் மாமா தன் ஸ்டூலில் அந்த அம்மாவை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு மகள் பிறந்தாள், மாதம் நிறைந்து, முழு எடையோடு. கணவர் துறைமுகத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, பிள்ளையைத் தூக்கத் தெரியாமல் தூக்கி, அப்பாவிடம் திட்டு வாங்கினார். அடுத்த நாள் அத்தையும் வந்து இறங்கினார். பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன் தம்பியின் கன்னத்தைப் பிடித்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவ்வளவு நாள் பக்கத்திலேயே இருந்திருக்க. உனக்கு ஒரு தும்மல்கூட வரலையாடா?"

குழந்தைக்குத் தடுப்பூசி போட எல்லோருமாகப் போனபோது அத்தை இதையே டாக்டரிடமும் கேட்டார். மாமாவுக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். "ஐம்பத்தேழுல எனக்கு வந்துச்சே டாக்டர். அது காப்பாத்தியிருக்குமோ?" என்றார்.

"அது வேற வகைங்க" என்றார் டாக்டர். "அதுக்கும் முன்னாடி, நீங்க குழந்தையா இருந்தப்போ சுத்திக்கிட்டு இருந்த ஃப்ளூ இதுக்குக் கொஞ்சம் சொந்தம். அப்போ வந்திருந்தா உடம்பு அதை மறக்காம வெச்சிருக்கும்னு சொல்றாங்க. உங்க விஷயத்துல அதுதான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது."

அத்தை காதைக் கிட்டே கொண்டுபோய் இரண்டாவது தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி, "நாலு வயசுல வந்துச்சே இவனுக்கு! அம்மா போன வருஷம். மூச்சு கர்ரு கர்ருன்னு. இறக்கி விட்டா அழுவான். தோள்லயே போட்டுக்கிட்டு நடந்தேன். எனக்கே எட்டு ஒம்பது வயசு, இவன் கால் தரையில இழுபடும்" என்றார்.

டாக்டர் சிரித்துக்கொண்டே அடுத்த நோயாளியிடம் போனார். மாமா தன் அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். "டீ வாங்கிட்டு வரேன்" என்று கேன்டீன் பக்கம் வேகமாக நடந்தார்.

திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டு, அதில் ஐந்து கப். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நானு, நீ, உன் மகன், மருமக. அஞ்சாவது யாருக்குடா?" என்றார் அத்தை.

மாமா தட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். என் மடியைப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு" என்றார்.

"பிறந்து ரெண்டு வாரம்கூட ஆகல, அதுக்கு டீயா!" அத்தை தலையில் அடித்துக்கொண்டார். என் கணவர் சிரிக்க ஆரம்பித்தார், பிறகு நான், பிறகு மாமாவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். அத்தை தன் கப்பைக் குடித்துவிட்டு, வீணாகக் கூடாது என்று குழந்தையின் கப்பையும் எடுத்துக்கொண்டார்.